எப்ப ஊருக்குப் போறீங்க?

கொங்கு வட்டாரத்தில் ‘ஒறம்பரை’ என்று ஒரு சொல் உண்டு. ‘ஊட்டுக்கு ஒறம்பரை வந்திருக்குது’ என்றால் வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்கிறார். ‘அவங்க நமக்கு ஒறம்பரை’ என்றால் அவர்கள் சொந்தக்காரர்கள். விருந்தாளிக்கும் உறவினருக்கும் ஒரே சொல்தான். சொந்தமில்லாமல் ஒருவர் விருந்தாளியாக வரக்கூடும் என்ற யோசனைக்கே அந்தப் பேச்சில் இடமில்லாததுபோலத் தெரிகிறது.

எழுத்துத் தமிழின் ‘விருந்து’ இதற்கு நேர் எதிர்த் திசையில் நிற்கிறது. அதன் பழைய பொருள் புதுமை. தொல்காப்பியச் செய்யுளியல் புதுவகை யாப்பில் செய்யப்படும் நூலைக் குறிக்க அந்தச் சொல்லையே எடுத்தாள்கிறது. விருந்தாக வருபவர் புதியவர், முன்பின் அறியாதவர். சொந்தக்காரர்களைப் பேண வேறு அறங்கள் இருக்கின்றன. வள்ளுவர் விருந்தோம்பலுக்குத் தனியாக ஓர் அதிகாரம் ஒதுக்கியதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

ஆக நம்மிடம் இரண்டு சொற்கள். ஒன்று வருகிறவரைப் புதியவர் என்கிறது, இன்னொன்று நம்மவர் என்கிறது. புதியவராகவும் இருந்து, நம்மவராகவும் ஆக வழியில்லாத ஒருவர், சித்திரை மாத மத்தியானத்தில் முதுகில் பையோடு ஈரோடு ஜங்ஷனில் வந்து இறங்கினால் அவர் யார்? அவருக்கு நாம் எவ்வளவு கடன்பட்டிருக்கிறோம்? ஒரு டம்ளர் தண்ணீரா, ஒரு ராத்திரி தங்க இடமா, இல்லை அதற்கு மேலும் ஏதாவதா? இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றியது.

*

கேள்வி எனக்குப் புத்தகத்தில் கிடைக்கவில்லை. கோவை சரவணம்பட்டியில் என்னோடு வேலை பார்த்த நண்பன் பாட்னாக்காரன். ‘நாலு வருஷமா இங்க இருக்கேன், ஆபீஸும் மாலும் தவிர எதுவும் பார்த்ததில்ல’ என்று ஒருநாள் சொன்னான். பொள்ளாச்சிக்காரனான எனக்கும் கிழக்குக் கொங்கு பாதி தெரியாத ஊர்தான். இரண்டு பேரும் பெரிய முதுகுப்பைகளைக் கட்டிக்கொண்டு கிளம்பினோம். ஈரோட்டில் இறங்கி, டவுன் பஸ்ஸிலும் நடையுமாகச் சென்னிமலை, கொடுமணல், காங்கேயம், திருப்பூர் வழியாகக் கோவைக்குத் திரும்புவது திட்டம்.

கோவையில் இருப்பவர்களுக்கு வெயிலைப் பற்றிக் கொஞ்சம் மிதப்பு உண்டு. ஊர் கடல் மட்டத்திலிருந்து 400 மீட்டருக்கு மேல் இருக்கிறது, பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று வருகிறது. கிழக்கே போகப்போக நிலம் தாழ்ந்துகொண்டே போகும், காற்றும் ஓய்ந்துவிடும். ஈரோடு 2024 ஏப்ரலில் 42 டிகிரியைத் தொட்ட ஊர். அங்கே மத்தியானத்தில் நடப்பது என்பது அடுத்த நிழல் எங்கே என்று கணக்குப் போடுவது மட்டும்தான். ஊர் சுற்றுவதற்காக அந்த வெயிலில் நடப்பவனுக்கும் பிழைப்புக்காக நடப்பவனுக்கும் உடம்பில் வித்தியாசம் இல்லை. வேர்வை ஒன்றுதான். ஆனால் முதலாமவன் நினைத்தால் நிறுத்திவிடலாம்.

சென்னிமலைக்குக் கிழக்கே ஒரு கிராமத்தில், வேப்பமரத்தடியில் கட்டில் போட்டு உட்கார்ந்திருந்த ஒரு மூதாட்டி எங்களைக் கூப்பிட்டார். ‘ஏனுங் கண்ணு, இந்த வேகாத வெயில்ல எங்க போறீங்க? செத்த உக்காருங்க.’ உள்ளே போய்ப் பெரிய சொம்பில் மோர் கொண்டுவந்தார். குடித்து முடித்ததும் என்னிடம் கேள்விகள் ஆரம்பித்தன. எந்த ஊருங்க? பொள்ளாச்சில எங்கீங்க? அப்பா என்ன பண்றாருங்க? கடைசியாக, குரலைக் கொஞ்சம் தணித்து: ‘நீங்க என்ன ஆளுங்க, கண்ணு?’

நண்பனிடம் இதில் எதையும் அவர் கேட்கவில்லை. அவன் பையைக் காட்டி, ‘படம் புடிக்க வந்திருக்குதுங்களா இந்தத் தம்பி?’ என்று என்னிடம் கேட்டதோடு சரி. இன்னொரு சொம்பு மோரும் அவனுக்குத்தான் முதலில் போனது. வெளியே வந்ததும் அவன் கேட்டான்: ‘உன்னைப் போலீஸ் மாதிரி விசாரிச்சாங்க, என்னை ஏன் விட்டுட்டாங்க?’

அப்போது நான் சொன்ன பதில், ‘உன்னை எதோடயும் முடிச்சுப் போட முடியாது, அதான்.’ எந்த ஊர் என்ற கேள்வி கொங்கில் ஒரு நூல் பிடிக்கிற வேலை. ஊர், அதற்குள் தெரு, அதற்குள் குடும்பம், கடைசியில் சாதி. நூல் எங்காவது சிக்கினால் நீங்கள் ஒறம்பரை. நண்பனிடம் சிக்குவதற்கு எதுவும் இல்லை. அதனால் அவனுக்கு வந்த மோர் கேள்வி இல்லாத மோர். என்னுடைய பதில் அந்த ஆத்தாவுக்குத் திருப்தியாக இருந்தது. இருந்திராவிட்டால் மோர் எந்தப் பாத்திரத்தில், எவ்வளவு தூரத்திலிருந்து வந்திருக்கும் என்பதை இந்த வட்டாரத்தில் வளர்ந்த யாரும் யூகிக்கலாம். உயரத்திலிருந்து ஊற்றக் கையேந்திக் குடித்தவர்களும், டீக்கடையில் சிரட்டையிலும் தனிக் குவளையிலும் வாங்கிக் குடித்தவர்களும் இதே மண்ணில் தலைமுறை தலைமுறையாக இருந்தவர்கள். அவர்கள் யாரும் வெளியூரிலிருந்து வந்து இறங்கியவர்கள் இல்லை.

இது எனக்கு விசித்திரமாகப் பட்டது. ஊரிலேயே பிறந்தவருக்குக் கிடைக்காத ஒன்று, ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வந்தவனுக்குக் கிடைக்கிறது. அந்நியம் அதிகமானால் வரவேற்பும் அதிகமாகுமா?

*

இல்லை என்பது திருப்பூரில் தெரிந்தது.

நாங்கள் முதலில் போன லாட்ஜில் என் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தவர் தலையாட்டினார். நண்பனின் ஆதாரில் பீகார் முகவரியைப் பார்த்ததும் ரூம் இல்லை என்றார். இரண்டாவது லாட்ஜில் இடம் கிடைத்தது. சாயங்காலம் நான் குளித்துக்கொண்டிருந்தபோது அவன் மட்டும் பையை அறையில் வைத்துவிட்டு, சாதா பனியனும் செருப்புமாகக் கீழே டீ குடிக்கப் போனான். கடைக்காரர் இந்தியிலேயே கேட்டிருக்கிறார்: எந்தக் கம்பெனி? டெய்லரா, செக்கிங்கா? பக்கத்தில் நின்றவர் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டாராம். திரும்பி வந்து சிரித்துக்கொண்டே சொன்னான், ‘பையைக் கழட்டினா நான் லேபர்.’

அவன் சிரித்ததால் நானும் சிரித்தேன். ஆனால் அந்த வாக்கியத்துக்குள் ஒரு முழுத் தத்துவப் பிரச்சினை இருக்கிறது. அதே ஆள், அதே முகம், அதே அரைகுறைத் தமிழ். மாறியது பை மட்டும். அந்தப் பை என்ன சொல்லிக்கொண்டிருந்தது?

‘நான் போய்விடுவேன்’ என்று சொல்லிக்கொண்டிருந்தது. முதுகுப்பை என்பது முதுகில் மாட்டிய ரிட்டர்ன் டிக்கெட். இவன் இங்கே வேலை கேட்கமாட்டான், வாடகைக்கு வீடு தேடமாட்டான், பிள்ளையை உள்ளூர்ப் பள்ளியில் சேர்க்கமாட்டான், ரேஷன் கடை வரிசையில் நிற்கமாட்டான். இவனுக்குக் கொடுக்கும் மோர் இத்தோடு முடிந்துவிடும் மோர். பை இல்லாதவன் இருக்க வந்தவன். அவனுக்கு ஒரு டம்ளர் கொடுத்தால் கணக்கு அங்கே முடியாது.

*

1795-இல் இம்மானுவேல் காண்ட் நிரந்தர அமைதியைப் பற்றி எழுதிய சிறு நூலில் இந்த இரண்டையும் தெளிவாகப் பிரித்தார். ஒரு மண்ணில் வந்து இறங்கும் அந்நியரைப் பகைவராக நடத்தக் கூடாது. அது அவருக்கு நாம் போடும் பிச்சை இல்லை, அவருடைய உரிமை. பூமி உருண்டையானது, மனிதர்கள் அதன் மேல் முடிவில்லாமல் விலகிப் போய்க்கொண்டே இருக்க முடியாது, எங்கேயாவது ஒருவரையொருவர் சகித்துத்தான் ஆகவேண்டும் என்பது அவர் சொன்ன காரணம். ஆனால் இது வந்துபோகும் உரிமை மட்டுமே. வீட்டில் ஒருவராகத் தங்கும் உரிமைக்குத் தனியே ஓர் ஒப்பந்தம் வேண்டும் என்றார்.

இதைக் கஞ்சத்தனம் என்று சொல்லிவிட முடியாது. வணிகம் செய்ய வந்தோம் என்று சொல்லி இந்தியாவிலும் அமெரிக்காவிலும் இறங்கிய ஐரோப்பியர்கள் என்ன செய்தார்கள் என்பதைப் பார்த்துக்கொண்டே அவர் அதை எழுதினார். இருக்க வந்தவர்களிடமிருந்து, ஏற்கெனவே இருந்தவர்களைக் காப்பாற்றுவதும் அவருடைய நோக்கம். இருநூறு ஆண்டுகள் கழித்து ழாக் தெரிதா எதிர்ப்பக்கத்திலிருந்து கேட்டார்: பெயர் கேட்டு, ஊர் கேட்டு, நிபந்தனை போட்டுத் தருவது விருந்தோம்பலா? உண்மையான விருந்தோம்பல் கேள்வியே இல்லாமல் கதவைத் திறப்பது. அப்படித் திறந்தால் வீடு வீடாக இருக்குமா என்பதும் அவருக்குத் தெரியும். நடைமுறையில் முடியாத ஒன்றை அளவுகோலாக வைத்துத்தான் நாம் முடிந்ததைச் செய்கிறோம் என்பது அவர் நிலை.

இரண்டு பேரையும் வேப்பமரத்தடிக் கட்டிலில் உட்காரவைத்தால் என்ன ஆகும்? காண்ட் சொன்ன உரிமை நண்பனுக்குக் கிடைத்துவிட்டது. தெரிதா கேட்ட கேள்வியில்லாத கதவும் கிடைத்துவிட்டது. ஆனால் இரண்டும் கிடைத்தது அவன் போகப்போகிறவன் என்பதால்தான். அப்படியானால் நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் விருந்தோம்பல் எவ்வளவு தூரம் நம் குணம், எவ்வளவு தூரம் அவருடைய புறப்பாட்டு நேரத்தை நம்பி இருப்பது?

*

திருப்பூருக்கு வேறு பைகளோடும் ஆட்கள் வருகிறார்கள். தன்பாத்–ஆலப்புழா எக்ஸ்பிரஸ் ஜார்க்கண்ட், ஒடிசா, ஆந்திரா வழியாக இரண்டு இரவுகளைக் கடந்து ஈரோட்டுக்கும் திருப்பூருக்கும் கோவைக்கும் வருகிறது. முன்பதிவில்லாப் பெட்டியிலிருந்து இறங்குகிறவர்களின் தோளிலும் பைதான். கூடவே ஒரு பிளாஸ்டிக் பக்கெட், சுருட்டிய படுக்கை. வெயில் அவர்களுக்கும் அதே வெயில். ஸ்டேஷனுக்கு வெளியே யாரும் அவர்களைப் பார்த்து ‘படம் புடிக்க வந்தீங்களா’ என்று கேட்பதில்லை.

கொங்குத் தமிழ் மரியாதைக்குப் பெயர்போனது. ‘ஏனுங்க’, ‘வாங்க’, ‘சரீங்க’ என்று எல்லாவற்றிலும் ஒரு ‘ங்க’ ஒட்டிக்கொள்ளும். வேறு வட்டாரத்து நண்பர்கள் இதைக் கிண்டலும் செய்வார்கள், ரசிக்கவும் செய்வார்கள். அதே நாக்குதான் பனியன் கம்பெனி வாசலில் நிற்பவரை ‘வடக்கன்’ என்று ‘ன்’ போட்டு முடிக்கிறது. பண்ணையத்து ஆட்களை, வயதில் மூத்தவர்களாக இருந்தாலும், சிறுவர்கள்கூட ஒருமையில் கூப்பிட்ட நினைவும் இந்த மண்ணுக்கு உண்டு. ‘ங்க’ எல்லோருக்குமானதாக ஒருநாளும் இருந்ததில்லை.

இதற்கு உள்ளூர் ஆட்களிடம் ஒரு பதில் இருக்கிறது, அதைக் கேட்காமல் தாண்டக் கூடாது. ‘அவங்க வந்த பிறகு பீஸ் ரேட் ஏறவேயில்ல. ஒன்றரை ஷிப்ட் பாருன்னா பாத்துர்றாங்க. ஒரு ரூம்ல எட்டுப் பேர் இருக்கறதால வாடகையும் ஏறுது. நாங்க எங்க போறது?’ தேனியிலிருந்தும் ராமநாதபுரத்திலிருந்தும் ஒரு தலைமுறைக்கு முன்னால் இதே திருப்பூருக்கு வந்தவர்களும் இதைச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். இந்தக் கோபத்தைச் சும்மா வெறுப்பு என்று தள்ளிவிடுவது சுலபம், தவறும்கூட. கூலி அழுத்தம் உண்மை. ஆனால் குறைந்த கூலிக்கு வேலை செய்வதை அந்தப் பீகார்ப் பையன் விரும்பித் தேர்ந்தெடுக்கவில்லை. மலிவாக இருந்தால் மட்டும்தான் அவனை உள்ளே விடுகிறார்கள். நாளைக்கே ஊரில் ஒருவனாக இருந்து, கூலி உயர்வு கேட்டு, இங்குள்ளவர்களோடு சேர்ந்து நிற்க முடிந்தால் அந்த மலிவு போய்விடும். எப்போது வேண்டுமானாலும் போகக்கூடியவனாக அவனை வைத்திருப்பதில் நஷ்டம் அவனுக்கு மட்டும் இல்லை.

2023 மார்ச்சில் இது வெளிப்படையாகத் தெரிந்தது. தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்கள் கொல்லப்படுகிறார்கள் என்று சொல்லி, இங்கே நடக்காத சம்பவங்களின் காணொளிகள் பரவின. ஹோலிக்கு ஊருக்குப் போகிற நேரம். திருப்பூரிலும் கோவையிலும் பலர் பயந்து ரயிலேறினார்கள். பீகார் அரசு ஒரு குழுவை அனுப்பியது. தமிழ்நாடு காவல்துறை அவை பொய் என்று அறிவித்து வழக்குப் பதிந்தது. கம்பெனிக்காரர்கள் இந்தியில் பேசித் தொழிலாளர்களுக்குத் தைரியம் சொன்னார்கள். அரசும் தொழில்துறையும் அன்று வேகமாகச் செயல்பட்டதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

எனக்கு வேறொன்றுதான் உறுத்தியது. ஒரு ஊரில் வருடக்கணக்காக இருக்கிற ஒருவருக்கு, தன் ஊரைப் பற்றிய வதந்தி ஆயிரம் மைல் தள்ளியிருக்கும் வீட்டிலிருந்து போனில் வருகிறது. அது பொய்யா உண்மையா என்று தெரிந்துகொள்ளப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினால் போதும். ‘ஏனுங்க, இப்படிச் சொல்றாங்களே, நெசமா?’ அந்தக் கதவைத் தட்டுகிற பழக்கம் எத்தனை பேருக்கு இருந்தது? மாவட்ட ஆட்சியரின் அறிக்கை செய்ய வேண்டியிருந்த வேலையை ஒரு உள்ளூர் நண்பன் இரண்டு நிமிடத்தில் செய்திருப்பான். என் நண்பனின் அம்மா பாட்னாவிலிருந்து அழுதுகொண்டே போன் செய்தபோது, அவன் போனை என்னிடம் கொடுத்தான். என் ஓட்டை இந்தியில் நான் சொன்ன நாலு வார்த்தை அவருக்குப் போதுமானதாக இருந்தது.

*

இதைக் கொங்கின் தனிக்குற்றமாக எழுதிவிட எனக்கு விருப்பமில்லை. இங்கிருந்து எம்.எஸ். படிக்கப் போகும் பையன்கள் ஆகஸ்ட் மாதத்தில் பெரிய பைகளோடு டல்லாஸிலோ ஹூஸ்டனிலோ இறங்குகிறார்கள். விமான நிலையக் கதவு திறந்ததும் அடிக்கிற அனல் ஈரோட்டுக் கத்திரியை ஞாபகப்படுத்துவதாகச் சொல்வார்கள். நண்பர்கள் காரோடு காத்திருப்பார்கள், அபார்ட்மெண்டில் சாம்பார் இருக்கும். அதே டெக்சாஸில் ஆஸ்டினும் டல்லாஸும், கட்டடத் தொழிலாளர்களுக்கு 4 மணி நேரத்துக்கு ஒருமுறை 10 நிமிடம் தண்ணீர் குடித்து ஓய்வெடுக்க இடைவேளை தரவேண்டும் என்று விதி வைத்திருந்தன. 2023 ஜூனில், மாநிலமே வெந்துகொண்டிருந்தபோது, நகரங்கள் இப்படித் தனியாக விதி போட முடியாதபடி செய்யும் சட்டத்தில் ஆளுநர் கையெழுத்திட்டார். அங்கே கட்டட வேலை செய்பவர்களில் பெரும்பகுதியினர் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர். தெற்கத்திய உபசாரம் என்று அந்த மாநிலங்களுக்கும் ஒரு பெயர் உண்டு. வீட்டுக்கு வருகிறவருக்கு ஐஸ் போட்ட டீ கொடுப்பார்கள். கூரை போடுகிறவருக்குப் பத்து நிமிடத் தண்ணீர் சட்டச் சிக்கலாகிவிடுகிறது.

*

நம் பாதைகளில் இதற்கு ஒரு பழைய விடை நின்றுகொண்டிருக்கிறது. பழைய சாலையோரங்களில் இன்னும் சில சுமைதாங்கிக் கற்களைப் பார்க்கலாம். இரண்டு நிற்கும் கல், மேலே ஒரு படுக்கைக் கல், ஏறக்குறைய தோள் உயரம். தலைச்சுமையோடு வருகிறவர் இன்னொருவர் உதவி இல்லாமலே இறக்கி வைக்கலாம், ஏற்றிக்கொள்ளலாம். வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக இவற்றை நடுவது வழக்கம், இறக்கி வைக்காத சுமையின் ஞாபகமாக. கோடையில் வைக்கும் தண்ணீர்ப் பந்தலும் அப்படித்தான். கோவையில் பீளமேடு பக்கம் ஒரு பகுதிக்குப் பெயரே தண்ணீர்ப்பந்தல்.

கல்லுக்கு நீங்கள் என்ன ஆள் என்று கேட்கத் தெரியாது. பானைக்குப் பின்னால் ஊற்றிக் கொடுக்க ஆள் நின்றால் கேட்கலாம்; தானாக மொண்டு குடிக்க விட்டால் கேட்காது. வீட்டு விருந்தோம்பலின் வடிகட்டியைத் தாண்டுவதற்காகவே நம் முன்னோர்களில் சிலர் ஆளில்லாத விருந்தோம்பலைக் கண்டுபிடித்தார்கள் என்று நினைத்துக்கொள்ள எனக்குப் பிடிக்கும். இன்றைக்கு அதன் வடிவம் ரேஷன், குழாய்த் தண்ணீர், அரசு மருத்துவமனை, கூலிச் சட்டம். அவை இல்லாமல் ஒரு அந்நியரால் ஒரு ஊரில் இருக்க முடியாது. அன்பாக ஒரு சொம்பு மோர் கிடைப்பதைவிடக் கேள்வி கேட்காத ஒரு குழாய் பெரிய அறம் என்றுகூடச் சொல்வேன்.

ஆனால் சுமைதாங்கியும் நடந்துபோகிறவருக்கானதுதான். அதில் யாரும் குடியிருக்க முடியாது. குழாயும் அட்டையும் கிடைத்துவிட்டாலும், பயந்துபோன இரவில் தட்டுவதற்கு ஒரு கதவு வேண்டும். அதைச் சட்டத்தால் கட்டித்தர இயலாது.

அந்தப் பயணத்தில் நாங்கள் கொடுமணலிலும் நின்றோம். நொய்யல் கரையில் இன்று பார்க்கப் பெரிதாக ஒன்றுமில்லை. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பு கல்மணி செய்தும் இரும்பு உருக்கியும் வாழ்ந்த தொழில் ஊர் அது. அகழாய்வில் கிடைத்த பானை ஓடுகளில் தமிழ்ப் பெயர்களோடு பிராகிருதப் பெயர்களும் பிராமி எழுத்தில் கீறப்பட்டிருக்கின்றன. வடக்கிலிருந்து வந்த யாரோ நொய்யல் கரையில் சட்டி வைத்துச் சோறு தின்று, அதில் தன் பெயரையும் எழுதி வைத்திருக்கிறார். போகிற வழியில் ஒருநாள் தங்குகிறவர் பானையில் பெயர் எழுதுவாரா? அதற்குப் பிறகும் தெலுங்கு பேசிக்கொண்டு வந்தார்கள், கன்னடம் பேசிக்கொண்டு வந்தார்கள், கணவாய் வழியாக மலையாளம் பேசிக்கொண்டு வந்தார்கள். தேவாங்கர் தறியும் நாயுடுகளின் மில்லும் இல்லாத கோவையை யாரால் கற்பனை செய்ய முடியும்? அவர்கள் யாரையும் இப்போது யாரும் எப்போது ஊருக்குப் போகிறீர்கள் என்று கேட்பதில்லை. யாரோ, ஏதோ ஒரு தலைமுறையில், கேட்பதை நிறுத்தியிருக்கிறார்கள்.

என் நண்பனிடம் இன்னும் கேட்கிறார்கள். வீட்டுக்காரம்மா, செக்யூரிட்டி, மளிகைக் கடை அண்ணன் எல்லோரும் நல்லவர்கள், பிரியமாகத்தான் கேட்கிறார்கள்: ‘எப்ப ஊருக்குப் போறீங்க?’ அவனுக்குக் கோவையில் இது ஆறாவது வருடம். தீபாவளி நெருங்கும்போது பனியன் கம்பெனிகளில் கேள்வி கொஞ்சம் மாறும்: ‘எப்ப வருவ?’ அது மெஷின் சும்மா நிற்கக் கூடாதே என்ற கவலை. முதல் கேள்வி ஒருவரைப் போகிறவராகவே வைத்திருக்கிறது, இரண்டாவது அவருடைய கைகளை மட்டும் திரும்பக் கூப்பிடுகிறது.

தமிழில் யாரும் ‘போறேன்’ என்று சொல்லி விடைபெறுவதில்லை, ‘போயிட்டு வர்றேன்’ என்றுதான் சொல்வோம். போகிறேன் என்பது அபசகுனம். அந்த வழக்கத்தை நம் கேள்விக்குள்ளும் கொண்டுவந்தால் போதும் என்று தோன்றுகிறது. சட் பூஜைக்கு ஊருக்குப் போகிறவரிடம், மெஷினுக்காக இல்லாமல், பக்கத்து வீடு பூட்டிக் கிடக்குமே என்பதற்காக ஒருவர் கேட்க வேண்டும்: ‘போயிட்டு எப்பங்க வருவீங்க?’ ஒறம்பரை என்ற சொல் சொந்தக்காரரைத்தான் குறிக்கும் என்றால் குறித்துவிட்டுப் போகட்டும். சொந்தம் அந்தக் கேள்வியிலிருந்தும் ஆரம்பிக்கலாம்.